ஆமிப் பயிற்சியில் தம்பிக்கு இரண்டு கிழமையாக இருமல், காட்டாமல் மறைக்கிறான். என்ன செய்யலாம்?

பிளேன்டீ_அக்கா (வெள்ளவத்தை)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இங்கத்தைய ஆமி இல்லை, அமெரிக்க ஆமி. தம்பிக்கு 21 வயது. ஏ.எல். முடித்த கையோடு கிறீன் கார்ட் லொத்தர் விழுந்து நியூ ஜெர்சியில் மாமா வீட்டுக்குப் போனவன், ஒன்றரை வருடம் ஒரு கடையில் பெட்டி தூக்கினான், பிறகு ஒரு நாள் போன் எடுத்து "அக்கா, நான் ஆமியில் சேர்ந்திட்டன்" என்றான். அந்தச் சொல் எங்கள் வீட்டில் எப்படி விழும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மா இரண்டு நாள் யாருடனும் கதைக்கவில்லை. இப்போதும் பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி கேட்டால் "தம்பி அங்கே ஒரு கோர்ஸ் செய்கிறான்" என்பதோடு முடித்துவிடுவார்.

இடம் சவுத் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன். 10 கிழமைப் பயிற்சி, இப்போது 6ஆவது நடக்கிறது. போனை வாங்கி வைத்திருக்கிறார்கள், சில ஞாயிறுகளில் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அங்கே பின்னேரம் 3 மணி என்றால் இங்கே இரவு 12.30. அம்மா அலாரம் வைப்பதில்லை, தூங்கினால்தானே எழும்ப வேண்டும்.

போன ஞாயிறு எடுத்தான். நாலு நிமிடம் கதைத்தான், அதில் ஒரு நிமிடம் இருமல். தோண்டிக் கேட்டதில் இரண்டு கிழமையாக இருக்கிறதாம், இரவில் குளிர்ந்து காய்கிறதாம், "எல்லாருக்கும்தான் இருக்கு, ஹோல் முழுக்க நாய்க்கூடு மாதிரி இருமுது" என்று சிரிக்கிறான். டொக்டரிடம் போனாயா என்றால் மழுப்புகிறான். போனால் பயிற்சியில் பின்னுக்குத் தள்ளி வேறு பிரிவில் போட்டுவிடுவார்களாம். கடைசியில் ஃபோர்ஜ் என்று 4 நாள் காட்டுப் பயிற்சி ஒன்று இருக்கிறது, அது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கப்போகிறானாம்.

அவனுடைய பட்டாலியனுக்கு முகநூல் பக்கம் இருக்கிறது, அதில் படம் போடுவார்கள். அம்மா அறுபது மொட்டைத் தலைக்குள் இவனைக் கண்டுபிடித்து, விரலால் பெரிதாக்கி, "உதடு வெடிச்சிருக்கு பார்" என்று எனக்குக் காட்டுகிறார். சமஹன் (மூலிகைக் குடிநீர்த் தூள்) இரண்டு பெட்டி, சித்தாலேப பாம், பனடோல், பாமசியில் ஒரு இருமல் சிரப் எல்லாம் வாங்கிப் பார்சலும் கட்டியாகிவிட்டது. இதை அனுப்பலாமா? முகாமுக்கு நாங்களே போன் எடுத்துச் சொல்லலாமா? இல்லாவிட்டால் அவன் சொல்வதுபோல் விட்டுவிடுவதா?


முன்னாள்_ப்ரைவேட்

அக்கா, நான் கொட்டாஞ்சேனைப் பெடியன், அதே முகாமில் பயிற்சி எடுத்தவன். பார்சலை அனுப்பாதீர்கள். வருகிற பெட்டியை டிரில் சார்ஜன்டுக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மருந்து எதையும் வைத்திருக்க விட மாட்டார்கள், சாப்பாடும் அப்படித்தான். அதிலும் சமஹன்! மண்ணிறத் தூள், சின்னச் சின்னப் பைக்கற்று, மேலே அவர்களுக்குத் தெரியாத எழுத்து. யோசித்துப் பாருங்கள்.

அவன் ஏன் போகவில்லை என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. விடிய 4.30க்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது யார் சிக் கோல், அதாவது வருத்தமென்று கிளினிக்குக்கு, போகிறீர்கள் என்று கேட்பார்கள். அறுபது பேர் பார்க்கக் கை தூக்க வேண்டும். அங்கே தனியாக எங்கும் போக முடியாது, கூட்டாளி ஒருத்தனும் சேர்ந்து வர வேண்டிவரும், அவனுடைய அன்றைய பயிற்சியும் போகும், அந்த வெட்கம் வேறு. அடிக்கடி போகிறவனுக்கு "சிக் கோல் ரேஞ்சர்" என்று பட்டம் வைத்துவிடுவார்கள். கிளினிக்கில் ப்ளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து மணிக்கணக்காக இருப்பது, கண் சொருகினால் ஏச்சு. கடைசியில் மூன்றில் ஒன்று நடக்கும்: குளிசை தந்து திருப்பி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் ஓடாதே, பாரம் தூக்காதே என்று எழுதிய ஒரு துண்டு தருவார்கள் (இதற்குப் பெயர் ப்ரொஃபைல்), அதுவும் இல்லாவிட்டால் 24, 48, 72 மணித்தியாலம் கட்டிலில் கிட என்பார்கள்.

நான் 5ஆம் கிழமை தொடங்கிய இருமலை 7 வரைக்கும் மறைத்தேன். இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு இருமுவேன். பக்கத்துக் கட்டில்காரன் கேட்டுவிடுவான் என்று துவாயை வாயில் அடைத்த நாளும் உண்டு. பிறகு பாரம் சுமந்து நடக்கிற ஒரு நாள், மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு வலி, அடுத்தது எனக்குத் தெரிவது வாகனத்தின் கூரைதான். நியூமோனியா. நாலு நாள் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு உடம்பு தேறவென்று ஒரு இடத்தில் சும்மா இருத்தி வைத்து, பின்னால் வந்த கொம்பனியில் (பயிற்சிப் பிரிவில்) போட்டார்கள். மொத்தமாக ஐந்து கிழமை போனது. முதலே போயிருந்தால் இரண்டு நாள்.

அவன் பயப்படுவது முழுப் பொய்யும் இல்லை. சுடுதல், குண்டெறிதல், ஃபோர்ஜ் மாதிரி கட்டாயமானவை தவறினால் சிக்கல்தான். ஆனால் சில நேரம் அதே கிழமையில் வேறு கொம்பனியோடு போய்ச் செய்ய விடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாளுக்காக யாரையும் பின்னுக்குத் தள்ளி நான் பார்க்கவில்லை.

போன் எடுக்க வேண்டாம். 21 வயதுக்காரனின் மருத்துவ விஷயத்தை அவன் சம்மதம் இல்லாமல் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அதோடு "உன் அம்மா கொழும்பிலிருந்து கூப்பிட்டார்" என்று வரிசையில் வைத்துச் சொன்னால் பெடியன் செத்தான். செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகச் செய்தி அனுப்பும் வழி ஒன்று உண்டு, அது இங்கே வீட்டில் மரணம், கடும் வருத்தம் என்றால் அவனுக்குத் தெரிவிப்பதற்கு. இருமலுக்கு அதைத் தொட வேண்டாம். சார்ஜன்டிடம் வாய் வரவில்லை என்றால் சப்ளினிடம் போகச் சொல்லுங்கள், முகாமில் இருக்கும் மதகுரு. எந்தச் சமயத்தவனும் போகலாம், சொன்னது வெளியே போகாது.

ஒரு கேள்வி. பாஸிங் அவுட்டுக்கு, பயிற்சி முடிகிற விழாவுக்கு, யாராவது போகிறீர்களா? டிக்கெட் எடுத்தாச்சா?


வெயிட்_பிளேட்

எல்லாரும் ஏன் இப்படிப் பயப்படுத்துகிறீர்கள்? ஆமியில் இருமல் வருவது பஸ்ஸில் வியர்ப்பது மாதிரி. என்னுடைய ஃபிரெண்ட் ஒருத்தன் பிரிட்டிஷ் ஆமியில் முழுப் பயிற்சியையும் இபுபுரோஃபென் வலிக் குளிசை போட்டுக்கொண்டே முடித்தான். இன்னும் நாலு கிழமைதானே. சின்னதுக்கெல்லாம் கை தூக்குகிறவன் என்ற பெயர் வந்தால் அது பயிற்சி முடிந்தாலும் போகாது. பொறுக்கச் சொல்லுங்கள், நல்லா தண்ணி குடிக்கட்டும்.


தெஹிவளை_டொக்டர்

பார்க்காத நோயாளிக்கு நான் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் மேலே வெயிட்_பிளேட் சொன்ன இபுபுரோஃபென் கதையை அப்படியே விட முடியாது. அது காய்ச்சலை மூடி வைக்கும், வருத்தத்தை மாற்றாது. சவுத் கரோலினா வெயிலில் வியர்த்து, உடம்பில் தண்ணீர் குறைந்து, பாரம் தூக்கி ஓடுகிறவன் அதைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகத்தில் கை வைக்கும். டெங்கு காலத்தில் இங்கே காய்ச்சலுக்கு அதைத் தொடாதே, பனடோல் மட்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம், அங்கே காரணம் வேறு, கத்தல் அதே.

ஹோல் முழுக்க இருமுவதில் அதிசயம் இல்லை. நாடெங்கும் இருந்து வந்த அறுபது பேர், ஒரே கூரை, அரைத் தூக்கம், நாள் முழுக்கக் கத்தல். ஒருத்தன் கொண்டு வருவது பத்து நாளில் எல்லாருக்கும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு கட்டிலில் தலை இந்தப் பக்கம் என்றால் அடுத்த கட்டிலில் கால் இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் படுக்க வைத்திருப்பார்கள். அது ஒழுங்குக்காக இல்லை, ஒருத்தன் மூச்சு மற்றவன் முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான்.

பயிற்சி முகாம்களில் பெரிய தொல்லை அடினோவைரஸ் என்ற ஒன்று, முக்கியமாக அதில் 4ஆம், 7ஆம் வகைகள். அமெரிக்க ஆமிக்காரருக்கு மட்டும் அதற்கு ஒரு தடுப்பு மருந்து உண்டு, ஊசி இல்லை, கடிக்காமல் விழுங்கும் இரண்டு குளிசை. 1971இல் தொடங்கிக் கொடுத்தார்கள், மருந்து செய்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்த 1999இல் கையிருப்பு தீர்ந்தது, முகாம்களில் பழைய காய்ச்சல் திரும்பி வந்தது, 2011இல் மறுபடி அனுமதி கிடைத்துக் கொடுக்கிறார்கள். தொண்டை நோய்க் கிருமிக்காகப் புட்டத்தில் ஒரு தடித்த பெனிசிலின் ஊசியும் பெரும்பாலும் போடுவார்கள். ஆகவே அந்த இரண்டும் இவனுக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் இன்ஃப்ளுவென்சா, கோவிட், மைகோபிளாஸ்மா என்று வரிசையில் இன்னும் எத்தனையோ நிற்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் இங்கே எந்த அரச கிளினிக்கிலும் முதலில் சளியைச் சோதிக்கச் சொல்வார்கள், காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்ள. சேரும்போது அங்கே சோதித்திருப்பார்கள், இதுவாக இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் இலங்கையில் பிறந்து வளர்ந்தவன், இரவில் காய்கிறது, இருமல் நிற்கவில்லை என்ற மூன்றையும் அவன் தன் வாயால் அங்கே சொல்ல வேண்டும், ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவன் என்பதையும் சொல்லட்டும், ஏனென்றால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அதனால் தடித்துக் காட்டக்கூடும், இரத்தத்தில் பார்க்கும் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அறுபது பேரோடு படுக்கிறவன், இது அவனுடைய தனிப்பட்ட வீரம் மட்டும் இல்லை.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், சளியில் இரத்தம் வந்தால், கழுத்து விறைத்துத் தலையிடித்தால், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அடுத்த நாள் காலை வரிசை வரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

பொறுக்கச் சொன்ன வெயிட்_பிளேட்டுக்கு ஒரு பழைய கதை. 1976 பெப்ரவரி, நியூ ஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் முகாம். காய்ச்சலோடு இருந்த ஒரு வாலிபன் படுக்கையை விட்டெழுந்து பிரிவோடு நடைப்பயிற்சிக்குப் போனான், விழுந்தான், இறந்தான். சோதித்தால் பன்றிக் காய்ச்சல் வைரஸ். அந்த முகாமில் 200 பேருக்கு மேல் அது தொற்றியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு முகாமை வைத்து அமெரிக்கா முழுக்கத் தடுப்பூசி போடத் தொடங்கி, 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்ட பிறகு நிறுத்தினார்கள், அது தனிக் கதை.


பிளேன்டீ_அக்கா

டொக்டர், நன்றி. காசநோய் என்ற சொல்லை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

முன்னாள்_ப்ரைவேட், நீங்கள் கேட்ட கேள்விக்கு நேற்றிரவு முழுக்க யோசித்தேன். ஓம், டிக்கெட் எடுத்தாச்சு. விசா கிடைத்த கிழமையே அம்மாவுக்கும் எனக்கும் தோகா வழியாக எடுத்துவிட்டோம், மலிவான டிக்கெட், திகதி மாற்றினால் காசு கட்ட வேண்டும். அவனுக்கு எடுத்த அன்றைக்கே சொன்னோம். போன கடிதத்தில்கூட அம்மா "உன்னை யூனிஃபோர்மில் பார்க்க நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறேன்" என்று எழுதினார். ஆமி என்ற சொல்லையே வீட்டில் எடுக்காத மனுஷி.


முன்னாள்_ப்ரைவேட்

அதுதான். எனக்கும் அப்படித்தான், அப்பா லீவு போட்டு டிக்கெட் எடுத்திருந்தார். அங்கே கட்டிலில் கிடந்து நான் கணக்குப் போட்டதெல்லாம் நியூமோனியாவைப் பற்றி இல்லை, அந்த டிக்கெட்டைப் பற்றித்தான். அதோடு சிட்டிசன்ஷிப்பும் பயிற்சி முடிகிற நேரத்தோடு கிடைக்கிற மாதிரி ஏற்பாடு இருந்தால் அதுவும் சேர்ந்து தலைக்குள் ஓடும். பின்னுக்குப் போனால் அதுவும் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான், இல்லாமல் போகாது.


ஜூரோங்_சித்தி

என் அக்கா மகன் சிங்கப்பூரில் நேஷனல் சர்வீஸ், அதாவது கட்டாய ஆமிச் சேவை, செய்தவன். புலாவ் தெக்கோங் தீவில் 9 கிழமை. முதல் இரண்டு கிழமை விடவே மாட்டார்கள், பிறகு சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான், ரசம் வைத்துக் கொடுக்கலாம், நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

அங்கேயும் இதே கதைதான். வருத்தம் என்று சொன்னால் "சாவ் கெங்" என்பார்கள், கள்ள வருத்தக்காரன் என்று அர்த்தம். அந்தப் பெயருக்குப் பயந்து இவன் 39 காய்ச்சலோடு ஞாயிறு இரவு படகேறப் புறப்பட்டான். அக்கா வாசலில் நின்று சப்பாத்தைப் பறித்து ஒளித்துவிட்டா. ஆனால் பிறகு அவன் என்னிடம் சொன்னது வேறு: "சித்தி, சார்ஜன்ட் ஏசினால் பரவாயில்லை, அம்மா எல்லாருக்கும் பாஸிங் அவுட் திகதி சொல்லி வைச்சிருக்கிறா." ஆகவே அடுத்த கோலில் "உடம்பைப் பார்" என்று சொல்லாதீர்கள், அதை எல்லா அம்மாவும் சொல்லும், பிள்ளைக்குக் காதில் ஏறாது. டிக்கெட்டை மாற்றிவிட்டு, மாற்றியாச்சு என்று சொல்லுங்கள். காசு போனால் போகட்டும்.


கொம்பனித்தெரு_நானா

தங்கச்சி, நான் இங்கத்தைய ஆமியில், மலைநாட்டுத் தியத்தலாவையில் பயிற்சி எடுத்தவன், எத்தனையோ வருடத்துக்கு முந்தி. கொழும்பு வெக்கையில் வளர்ந்த உடம்பு, அந்தக் குளிரில் விடியக் குளித்தால் பல்லு தந்தி அடிக்கும். எம்.ஐ. ரூமில் (முகாம் வைத்திய அறையில்) தலையிடிக்கும் ஒரே வெள்ளைக் குளிசை, வயிற்றுக் குத்துக்கும் அதே, கால் சுளுக்குக்கும் அதே, இரண்டாக உடைத்துத் தருவார்கள். ஆனாலும் போகிறவன் தப்பினான். போகாதவனைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். என் உம்மாவும் அந்தக் காலத்தில் கொத்தமல்லி, வேர்க்கொம்பு எல்லாம் துணியில் முடிந்து அனுப்பினா, பெரியவர் அதை வாங்கித் தானே அவித்துக் குடித்தார், எனக்கு ஒரு கோப்பை தந்தார். சித்தி சொன்னதைச் செய்யுங்கள்.


பிளேன்டீ_அக்கா

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். டிக்கெட்டை இரண்டு கிழமை தள்ளிப் போட்டோம், அம்மாவே வளையலைக் கழற்றுகிற மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டு, பிறகு பாங்க் கார்டைத் தந்தார். ஞாயிறு இரவு 1 மணிக்கு எடுத்தான். அம்மா போனை வாங்கி, நான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "டிக்கெட் மாத்தியாச்சு, நீ எப்ப முடிச்சாலும் நாங்கள் வருவம், முடிக்காட்டியும் வருவம்" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு இருமல்.

திங்கள் காலை கை தூக்கினானாம். அவன் தூக்கினதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தூக்கினார்களாம், அதில் ஒருத்தன் நான் பார்த்த படத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற ஆள். டொக்டர் சொன்ன மூன்றையும் சொல்லியிருக்கிறான். எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள், காசநோய் இல்லை. ஒரு பக்க நெஞ்சில் தொற்றுத் தொடங்கியிருந்ததாம். குளிசை தந்து 72 மணித்தியாலம் கட்டில், அதற்குப் பிறகு ஒரு கிழமை ஓடக் கூடாது என்று துண்டு. குண்டெறிதல் தவறிவிட்டது, பக்கத்துக் கொம்பனியோடு செய்ய விடுவார்கள் போல இருக்கிறது, இன்னும் முடிவில்லை. தலை கால் மாற்றிப் படுப்பதைக் கேட்டேன், "உனக்கெப்படித் தெரியும்?" என்று திகைத்துப் போனான்.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். நான் இங்கே கேள்வி போட்ட அன்றைக்கே அம்மா எனக்குத் தெரியாமல் அந்தப் பார்சலை அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் உடைக்க வைத்து, சார்ஜன்ட் ஒரு சமஹன் பைக்கற்றை மூக்கில் வைத்து நீளமாக மணந்து பார்த்தாராம், இது என்ன என்று கேட்டாராம், தம்பி அறுபது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கொத்தமல்லி, இஞ்சி, திப்பிலி என்று தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தானாம். பிறகு பையில் போட்டுக் கட்டி, பயிற்சி முடிந்தால் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாராம்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த சார்ஜன்டுக்கும் தடிமனாமோ?"